‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ ஏன் வராது?

கேள்வி: வேலூரில் மருத்துவமனைக்கு அருகே ஒரு லாட்ஜில் வரவேற்பாளராக இருக்கிறேன். தங்க வருபவர்களில் பலர் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்காக வருபவர்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று சொன்னால் உடன் வேலை செய்பவர் திருத்துகிறார். நடந்து முடிந்த செயலுக்கு ‘வென்ட்’ தானே? ‘கேம்’, ‘ஹேஸ் கம்’, ‘ஹேட் கம்’ மூன்றில் எதை எப்போது சொல்வது?

பதில்: உங்கள் நண்பர் திருத்துவது சரி. ‘ஐ டிட் நாட் கோ’ என்றுதான் சொல்ல வேண்டும். இதன் காரணத்தைத் தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். ‘செய்தார்’ என்பதில் ‘த்’ இறந்த காலத்தைக் காட்டுகிறது. அதையே மறுத்துச் சொல்லும்போது ‘செய்யவில்லை’ என்கிறோம். அந்தத் ‘த்’ அங்கே இல்லை. ஆங்கிலமும் அப்படித்தான். ‘டிட்’ என்ற சொல் காலத்தை ஏற்றுக்கொண்டதும் வினைச்சொல் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கேள்வி கேட்கும்போதுதான் தமிழ் நம்மைத் தடுமாற வைக்கிறது. ‘வந்தாரா?’ என்பதில் இறந்த காலம் அப்படியே இருக்கிறது அல்லவா? அந்தப் பழக்கத்தில் ‘டிட் த டாக்டர் கேம்?’ என்று வாயில் வந்துவிடுகிறது. ‘டிட் த டாக்டர் கம்?’ என்பதே சரி. ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டுக்கும் ‘டிட்’ வேண்டாம்: ‘வாஸ் ஹி இன் த ரூம்?’ போதும். நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் ‘ஐ வாஸ் வென்ட்’ என்பதை இன்றே விட்டுவிடுங்கள். ‘ஐ வென்ட்’ என்பதே முழு வாக்கியம்.

இனி அந்த மூன்று வடிவங்கள். முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் சாதாரண இறந்த காலம் மட்டுமே வரும். நேற்று, போன திங்கட்கிழமை, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, 1806இல் என எதுவாக இருந்தாலும் சரி. வேலூர்க் கோட்டையைப் பார்க்கப் போகும் விருந்தினரிடம் அங்கு நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்றால், அது 1806 ஜூலை 10 அன்று ‘ஹேப்பண்ட்’; ‘ஹேஸ் ஹேப்பண்ட்’ அல்ல. சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தொடக்கத்தைக் கேட்டால், மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் அதை ‘ஸ்டார்ட்டட்’.

நேரம் சொல்லாமல், நடந்ததன் பலன் இப்போது கண்முன் இருக்கிறது என்று தெரிவிக்க ‘ஹேஸ்’ உதவும். ‘த ரிப்போர்ட் ஹேஸ் கம்’ என்றால் ரிப்போர்ட் வந்துவிட்டது, போய் வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். தமிழில் ‘நேற்றே வந்துவிட்டது’ என்றும் சொல்வோம். அதை அப்படியே ‘ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று ஆக்கக் கூடாது. ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘கேம்’ தான்.

‘ஹேட்’ என்பதை நாம் தேவைக்கு மேல் பயன்படுத்துகிறோம். ‘நேற்று காட்பாடிக்குப் போயிருந்தேன்’ என்ற நினைப்பில் ‘ஐ ஹேட் கான்’ என்கிறோம். அங்கே ‘ஐ வென்ட்’ போதும். கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அவற்றில் முந்தியது எது என்று காட்ட வேண்டும்போதுதான் ‘ஹேட்’ தேவை. ‘வென் த ஹாஸ்பிட்டல் கால்ட், தே ஹேட் லெஃப்ட்.’ மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருவதற்கு முன்பே அவர்கள் கிளம்பியிருந்தார்கள். சும்மா ‘த ரிப்போர்ட் ஹேட் கம்’ என்று நிறுத்தினால், கேட்பவர் அதன் பிறகு என்ன ஆயிற்று என்று தவிப்பார். நோயாளியோடு ஊர்விட்டு ஊர் வந்து, ஏற்கெனவே கவலையில் இருப்பவரை இந்தச் சின்னக் குழப்பத்துக்கும் ஆளாக்க வேண்டாம்.

வடிவத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான வினைகளுக்கு ‘ஈ’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும். சேராதவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மலைக்காதீர்கள். உங்கள் மேஜையில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள்: கிவ் – கேவ், டேக் – டுக், ப்ரிங் – ப்ராட், பை – பாட், பே – பெய்ட், லீவ் – லெஃப்ட், கீப் – கெப்ட். ‘புட்’, ‘கட்’ இரண்டும் மாறுவதே இல்லை. ‘ரீட்’ எழுத்தில் மாறாது. சொல்லும்போது மட்டும் ‘ரெட்’ ஆகும். இரவு வேலை முடிவதற்குள் அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, யார் வந்தார், யார் பணம் கட்டினார், யார் அறையைக் காலி செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பழகும் சொற்கள் எல்லாம் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுபவையாகவே இருக்கும்.

உச்சரிப்பிலும் ஒரு திருத்தம் வேண்டும். எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி ‘ஆஸ்க்கெட்’, ‘புக்கெட்’ என்று படிக்கக் கூடாது. ‘ஆஸ்க்ட்’, ‘புக்ட்’ என்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ‘க்ளீன்ட்’, ‘கால்ட்’ போன்றவற்றில் கடைசி ஒலி ‘வண்டி’யில் வரும் ‘ட’ போல மென்மையாக ஒலிக்கும். ‘வெயிட்’, ‘நீட்’ போல ‘ட்’ ஒலியிலேயே முடியும் வினைகளுக்கு மட்டும்தான் கூடுதலாக ஓர் அசை உண்டு: ‘வெயிட்டட்’, ‘நீடட்’.