லெஸ்டருக்கு வருகிறவருக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் கணவர் லெஸ்டரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. நானும் எங்கள் ஆறு வயது மகளும் அக்டோபரில் அங்கே வருகிறோம். திருச்சியை விட்டு நான் வெளியே வாழ்ந்ததே இல்லை. "அது பாதி இந்தியாதான், போன இரண்டாம் நாளே பழகிவிடும்" என்கிறார் ஒரு நண்பர். "இங்கிலாந்துக்குப் போயும் இங்கிலாந்தைப் பார்க்காமலே இருக்கப் போகிறீர்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே ஒரு தெருவை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது பெல்கிரேவ் சாலை. நீங்களும் வந்த முதல் வாரமே அங்கே போவீர்கள், போகவும் வேண்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டைக்காய், புடவை, தங்கம், இனிப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். அக்டோபரில் வருகிறீர்கள் என்பதால் தீபாவளி விளக்குகளையும் பார்த்துவிடலாம். தீபாவளி நாளன்று பல்லாயிரம் பேர் கூடுவார்கள். மகளின் கையை விடாதீர்கள்.

ஆனால் அந்தத் தெரு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு அங்கே நடங்கள். 1972 ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். அப்போது லெஸ்டர் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? உகாண்டா ஆர்கஸ் என்ற நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. எங்கள் ஊரில் வீடு இல்லை, பள்ளியில் இடம் இல்லை, உங்கள் குடும்பத்தின் நன்மைக்காகவே சொல்கிறோம், லெஸ்டருக்கு வராதீர்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்த பிறகும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சொந்தக்காரர்கள் முன்பே இங்கே இருந்தார்கள், பின்னலாடை ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்தது. பெரும்பாலும் சொத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். மவுசு குறைந்து கிடந்த பெல்கிரேவ் சாலையில் ஒவ்வொரு கடையாக எடுத்து நடத்தினார்கள்.

அதனால் அங்கே இருப்பவர்கள் பலர் இந்தியாவிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர். தாத்தா காலத்திலேயே ஆப்பிரிக்கா போன குஜராத்திக் குடும்பங்கள். அந்தத் தெருவில் மோகோ என்று ஒன்று விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். நம் மரவள்ளிக்கிழங்குதான். விரல் நீளத்துக்கு வெட்டி, பொரித்து, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டுத் தருவார்கள். குஜராத்தில் பழகிய தீனி அல்ல, கம்பாலாவிலும் நைரோபியிலும் பழகியது. கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். நான் அப்படிக் கேட்டவற்றை எந்த அருங்காட்சியகத்திலும் கேட்டதில்லை.

இது பாதி இந்தியாவா என்ற கேள்விக்கு 2021 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஊரில் சுமார் 3,68,600 பேர். ஆசிய வம்சாவளியினர் 43.4 சதவீதம், வெள்ளையர் 40.9 சதவீதம். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த ஆசியர்களிலும் பஞ்சாபி, பாகிஸ்தானி, வங்கதேசத்தவர், போர்ச்சுகல் கடவுச்சீட்டோடு வந்த டாமன் டையூக்காரர்கள் எனப் பல வகை. சோமாலியர், கரீபியர், போலந்துக்காரர்கள் என்று இன்னும் உண்டு. ஊரின் இன்னொரு பக்கம் நார்பரோ சாலைக்குப் போனால், அடுத்தடுத்த கடைக்காரர்கள் வேறு வேறு நாட்டுக்காரர்களாக இருப்பார்கள். நம்மவர்கள் பெல்கிரேவோடு நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு ஜூரி வால் பக்கம் போங்கள். ரோமானியர்கள் இரண்டாம் நூற்றாண்டில் கட்டிய குளியல் மாளிகையின் சுவர் அது, உயர்ந்து நிற்கும். ஒட்டினாற்போல் புனித நிக்கோலஸ் தேவாலயம். அதன் கோபுரத்தை அருகே போய் உற்றுப் பாருங்கள், சாம்பல் கற்களுக்கு நடுவே சப்பையான சிவப்புச் செங்கற்கள் வரிவரியாக ஓடும். இடிந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வைத்தவை. அங்கிருந்து சில நிமிட நடையில் ஹோலி போன்ஸ் தெருவில் குருநானக் குருத்வாரா. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் யாராக இருந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஜைனக் கோயில் இருக்கிறது. பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி, வெளியே வெள்ளைச் சலவைக்கல் முகப்பும் உள்ளே கையால் செதுக்கிய தூண்களுமாக மாற்றி, 1988இல் பிரதிஷ்டை செய்தார்கள். தோல் பை, தோல் பெல்ட் வெளியேதான்.

இங்கிலாந்தைப் பார்க்கமாட்டீர்கள் என்றவருக்கு மூன்றாம் ரிச்சர்டு மன்னரைக் காட்டுங்கள். 1485இல் பாஸ்வொர்த் போரில் செத்த அரசர். அவர் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அவருடைய அக்கா வழியில் வந்தவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஆளுக்கு ஆள் மரபணு வேறுபடுவதைக் கைரேகை போலப் பயன்படுத்தலாம் என்று அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டுபிடித்ததும் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான்.

குழந்தைக்கு நியூ வாக் என்ற நடைபாதையில் உள்ள லெஸ்டர் அருங்காட்சியகம். டைனோசர் எலும்புக்கூடு, எகிப்து மம்மி எல்லாம் உண்டு, அனுமதி இலவசம். தேசிய விண்வெளி மையத்தில் ராக்கெட்டுகளை நிமிர்த்தியே வைத்திருக்கும் 42 மீட்டர் கோபுரம் இருக்கிறது. கட்டணம் அதிகம்தான், முதல் மாதமே போகவேண்டியதில்லை. பிராட்கேட் பூங்காவில் மான்கள் மேயும், வெயில் நாளில் போங்கள்.

சரி, அன்றாடம். முதலில் வீடு. நேரில் பார்க்காமல் எவருக்கும் பணம் அனுப்பாதீர்கள், தமிழரே கேட்டாலும். முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வாங்கிய பணத்தை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் போட்டு, விவரத்தை உங்களுக்குத் தரவேண்டும். தராவிட்டால் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வாடகை போக, நகராட்சிக்குக் கட்டும் கவுன்சில் டேக்ஸ் என்ற வரி தனி. பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்துத் தவணை. இதைக் கணக்கில் வைக்காமல் வீடு எடுத்துத் திணறுபவர்கள் நிறைய.

வந்த வாரமே பக்கத்தில் இருக்கும் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் குடும்பத்தோடு பதிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் விதி. சின்ன உபாதைக்கு மருந்துக் கடையிலேயே மருந்தாளரிடம் கேட்கலாம். ராத்திரி சந்தேகம் என்றால் 111 என்ற எண்ணை அழையுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 999. மகளின் பள்ளிக்கு நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, இரண்டாம் ஆண்டு (Year 2) வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடும் இலவசம். குப்பையில் மறுசுழற்சிக்குப் போவதை ஆரஞ்சுப் பையில் கட்டி, உங்கள் தெருவுக்கு உரிய நாளில் வெளியே வைக்கவேண்டும். நாள் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அறிமுகமாக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லவேண்டும். 2022 ஆகஸ்ட் கடைசியில் இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பிறகு, கிழக்கு லெஸ்டரில் இந்து, முஸ்லிம் இளைஞர்கள் மோதிக்கொண்டார்கள், செப்டம்பரிலும் நீடித்தது. பல பத்தாண்டுகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். நடக்காதவற்றையெல்லாம் நடந்ததாகச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள், அதில் நிறைய இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவை. இப்போது நிலைமை அமைதியாக இருக்கிறது. ஆனால் வந்ததும் உங்களைப் பல வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ப்பார்கள். வாடகை, பள்ளி, பஸ் பற்றிய குழு இருக்கட்டும். மதச் சண்டையைத் தூண்டும் குழுவிலிருந்து அன்றே வெளியேறிவிடுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கணவர் இரவுப் பணிக்குப் போனபின் வீடு கனத்துப் போகும், முதல் குளிர்காலம் எல்லோருக்கும் அப்படித்தான். அதற்காகவே நூலகத்தில் சேருங்கள், காசு கிடையாது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம், மற்ற அம்மாக்களோடு பேச்சு, கதகதப்பு எல்லாம் அங்கே உண்டு. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அங்கேயே வகுப்புகளைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்க இந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை, பலர் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள்.

அப்புறம், கனமான கோட்டைத் திருச்சியில் வாங்கி வராதீர்கள். இங்கே அறக்கட்டளைக் கடைகளில் பழைய கோட்டு மலிவாகக் கிடைக்கும், இந்தக் குளிருக்கென்றே தைத்தது. பெட்டியில் அந்த இடத்தில் மகளின் தமிழ்ப் புத்தகங்களை வையுங்கள். எந்தப் பகுதியில் வீடு என்று முடிவானதும் எழுதுங்கள், பக்கத்தில் எந்த நூலகம், எந்த பஸ் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா