ஸ்டெம் செல் ஆய்வில் கணினிக்கு என்ன வேலை?

கேள்வி: நான் உயிரியல் மாணவி. பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லை வளர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் ஆய்வு என்று நினைத்திருந்தேன். இப்போது எல்லோரும் கணினியைப் பற்றியே பேசுகிறார்கள். அது உயிரியலைப் புரிய வைக்குமா, இல்லை வெறும் கணக்கா?

பதில்: நிச்சயம் புரிய வைக்கும். என் வேலையே அதுதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. எலியின் மண்ணீரலில் ஒவ்வொரு செல் திட்டிலும் ஸ்டெம் செல் எண்ணிக்கை ஏன் அவ்வளவு வேறுபடுகிறது என்பதை டில், மெக்கல்லக், சிமினோவிச் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1964-லேயே கணினியில் தற்செயல் எண்களை ஓடவிட்டு விளக்கினார்கள்.

இன்றைய சிக்கல் வேறு. ஒரு செல்லில் எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று முழுதாக அறிய அதை உடைத்து, ஜீன்களின் படிகளான ஆர்.என்.ஏ.வை எடுக்க வேண்டும். உடைத்தால் செல் போயிற்று. அப்புறம் அது என்னவாக மாறியிருக்கும் என்று எப்படிச் சொல்வது? நல்லவேளையாக, செல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. குடும்பமே சேர்ந்து நிற்கும் ஒரே போட்டோவில் குழந்தை முதல் பாட்டி வரை எல்லா வயதும் இருக்கிற மாதிரி, ஒருமுறை எடுத்த செல் கூட்டத்திலேயே எல்லாக் கட்டமும் கிடைத்துவிடுகிறது. 2014-ல் வந்த மோனோக்கிள் மென்பொருள், ஜீன் ஒற்றுமையை வைத்து செல்களை வரிசையில் நிறுத்தியது.

சரி, வரிசை கிடைத்தது. எந்தப் பக்கமாக நகர்கிறது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். புதிதாகப் படியெடுத்த ஆர்.என்.ஏ.வில், பின்னால் நீக்கப்பட வேண்டிய இன்ட்ரான் என்ற துண்டுகள் இன்னும் வெட்டப்படாமல் இருக்கும். அப்படி வெட்டாதவை வழக்கத்தைவிட அதிகம் என்றால் அந்த ஜீன் இப்போதுதான் சூடுபிடிக்கிறது; குறைவு என்றால் ஓய்ந்து வருகிறது. 2018-ல் வந்த 'ஆர்.என்.ஏ. வெலாசிட்டி' முறை இதை ஆயிரக்கணக்கான ஜீன்களுக்குக் கணக்கிட்டு, செத்த செல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று அம்புக்குறி போடுகிறது.

அந்த அம்புக்குறியை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2020-ல் ரத்த முன்னோடிச் செல்களுக்கு டி.என்.ஏ. அடையாளம் ஒட்டி, அவை பிரிந்து அதே அடையாளத்தோடு பிறந்த சகோதரச் செல்களில் சிலவற்றை உடனே படித்து, மற்றவற்றை வளரவிட்டுப் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ.வில் ஒன்றுபோல் தெரிந்தவற்றுக்குள்ளேயே எதிர்காலம் ஏற்கெனவே பிரிந்திருந்தது.

இன்னொன்று. பல கருவிகளில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனி நுண்துளியில் பிடித்துத்தான் படிக்கிறோம். இரண்டு செல்கள் ஒரே துளியில் மாட்டிக்கொண்டால், திரையில் அவை இடைக்கட்டச் செல்லாகவே தெரியும். புதிய செல் வகை கிடைத்தது என்று நினைக்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள். அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும்.