பிளாக்செயின் சட்டப் படிப்புக்குப் பணம் கட்டலாமா?

மகள் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். ‘இனி வக்கீலே தேவையில்லை, எல்லாம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்தான்’ என்று சொல்லி ஒரு நிறுவனம் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். பிளாக்செயின் என்பது, ஒரே பதிவேட்டைப் பல கணினிகளில் வைத்து, எழுதியதைத் திருத்த முடியாதபடி காக்கும் முறை. அதனால் சட்டத் துறையில் பயன் உண்டு. ஆனால் விளம்பரம் காட்டுகிற இடத்தில் இல்லை.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது, குறித்த நிபந்தனை நிறைவேறியதும் பணத்தைத் தானே மாற்றிவிடும் ஒரு நிரல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வெளியூருக்கு மல்லிகை அனுப்பும் வியாபாரி இதைப் பயன்படுத்துகிறார் என்று வையுங்கள். சரக்கு சேர்ந்ததும் பணம் வந்துவிடும். ஆனால் பூ மொட்டாகப் போனதா, பாதி மலர்ந்து போனதா என்று நிரல் பார்க்காது. யாராவது பார்த்துப் பதிய வேண்டும். அவர் பொய்யாகப் பதிந்தாலும் பணம் போய்விடும், மீட்க வழக்குதான் போட வேண்டும். தாமதமானால் முன்பணம் முழுக்கப் போகும் என்று எழுதியிருந்தால் நிரல் முழுக்க எடுத்துக்கொள்ளும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவோ, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் என்கிறது. எதிர்த்தரப்பு 17 வயதுப் பையன் என்றால் ஒப்பந்தமே செல்லாது. நிரலுக்கும் சட்டத்துக்கும் ஒத்துப்போகாத இந்த இடங்களில்தான் வக்கீலுக்கு வேலை.

நிலப் பத்திரங்களைப் பிளாக்செயினில் ஏற்றினால் மோசடி ஒழியும் என்பதிலும் பாதிதான் உண்மை. ஏற்றிய பதிவை யாரும் திருத்த முடியாது, சரி. தங்கையின் பங்கை மறைத்து எழுதிய பத்திரத்தை ஏற்றினால் அந்தப் பொய்யும் அப்படியே நிற்கும். மேலூரோ உசிலம்பட்டியோ, வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல் முடியாது. உயிலுக்கோ, மின்னணு ஆவணங்களை ஏற்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தாது.

உண்மையான பயன் சாட்சியத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவில், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை, குறிக்க வேண்டும். முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்புவார்கள். பிளாக்செயினின் அடித்தளமும் இந்த ஹாஷ்தான். விண்டோஸ் கணினியில் இருக்கும் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையால் ஒரு கோப்புக்கு எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷ் எடுத்தால் 64 எழுத்து, எண் கொண்ட வரிசை வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வரிசை முழுக்க மாறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஹாஷ் மாறிவிடுகிறது. ஆவணமாக அனுப்ப வேண்டும், மூலக் கைபேசியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இதைப் பழகப் பைசா செலவில்லை.

பிளாக்செயினில் இயங்கும் பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களான கிரிப்டோ தொடர்பான வழக்குகளும் பெருகுகின்றன. தெரியாத ஒருவருக்குக் கிரிப்டோ விற்றவரின் வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் விழுந்து கணக்கே முடக்கப்படுவது வாடிக்கையாகிவிட்டது. அதை விடுவிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு எழுதத் தெரிந்த ஜூனியருக்கு மதிப்பு உண்டு. கிரிப்டோவைச் சொத்து என்றே 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 முதலே இருக்கிறது.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் ஒப்பந்தச் சட்டத்தையும் சொத்துச் சட்டத்தையும் ஊன்றிப் படிக்கட்டும். மூன்றாம் ஆண்டில் சாட்சியச் சட்டத்தோடு ஹாஷ் பயிற்சி. விடுமுறையில் பிரவுசரிலேயே இயங்கும் ரீமிக்ஸ் என்ற நிரல் எழுதும் கருவியில், பணமில்லாத சோதனை வலையமைப்பில், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதப் பயன்படும் சொலிடிட்டி மொழியில் ஒரு வாடகை முன்பண ஒப்பந்தத்தை எழுதிப் பார்த்தால் போதும். பிள்ளை புரோகிராமர் ஆக வேண்டியதில்லை, எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தால் சரி. நான்காம் ஆண்டிலிருந்து சைபர் வழக்கு நடத்தும் சீனியரிடம் போய் வரட்டும்.

அதன் பிறகும் சான்றிதழ் வேண்டுமென்றால், பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடம் எடுப்பவர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவரா? 63ஆவது பிரிவுச் சான்றிதழை எழுதிப் பழக்குவீர்களா? பதில் இல்லையென்றால் அந்தப் பணத்துக்குச் சட்டப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.