தம்பியின் போனைப் பிடுங்க வேண்டாம்

சகோதரி, காசிமேட்டில் இருக்கும் உங்கள் 17 வயதுத் தம்பி ரீல்ஸ் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க எல்லாம் காசுக்குத்தான்" என்று அம்மா எதிரிலேயே பேசுகிறான், போனைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நண்பன் போனில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான்.

அவன் இதைத் தேடிப் போயிருக்க மாட்டான். ஜிம் வீடியோ, தன்னம்பிக்கைப் பேச்சு என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். ஒன்றை முழுசாகப் பார்த்தால் அதே மாதிரி வரிசையாக வந்து நிற்கும். பெண்களை மட்டமாகப் பேசும் வீடியோக்களால் பிரபலமான ஆண்ட்ரூ டேட்டை 2022 ஆகஸ்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் நீக்கின. மற்றவர்கள் ஏற்றிய துண்டுகள் அப்புறமும் சுற்றின. இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது. அவனையே செய்யச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், அவனுக்குள் என்ன வலி என்று கேட்பது. என் அண்ணன் மகனும் இப்படித்தான் பேசினான். பிளஸ் டூவில் தவறியதை யாரிடமும் சொல்லி அழ முடியாமல் இருந்திருக்கிறான், பாவம். மாலையில் கேரம் விளையாடக் கூட்டிப் போனேன். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண்தானே! அங்கே பெண்களோடு ஆடி ஆடி அவன் பேச்சு மெல்ல மாறியது.

ஆனால் அம்மாவை அவமதித்தால் மட்டும் விடாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.