பள்ளி திறப்பதற்குள் தடுப்பூசி: பணியாளர்களின் கேள்விகளும் ஒரு செவிலியரின் பதில்களும்

2021 அக்டோபர் கடைசி வாரம். நவம்பர் 1, திங்கட்கிழமை முதல் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் திறக்கப்படுகின்றன. 9 முதல் 12 வரை செப்டம்பர் 1 அன்றே திறந்துவிட்டார்கள். இப்போது வரப்போகிறவர்கள் சின்னக் குழந்தைகள். இரண்டாம் வகுப்பில் பெயர் இருக்கும் பல பிள்ளைகள் வகுப்பறைக்குள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அவர்கள் யாருக்கும் இன்னும் கொரோனா தடுப்பூசி கிடையாது. அவர்களைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

நான் சமுதாய சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வட்டாரத்தில் பள்ளிப் பணியாளர்களுக்கு ஊசி போடும் வேலைக்கு உதவி வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விதிகள், விலைகள், எண்கள் எல்லாம் இந்த 2021 அக்டோபர் நிலவரப்படி.

தலைமையாசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி: எங்கள் பள்ளியில் நானும் இன்னொரு ஆசிரியரும்தான். இருவரும் இரண்டு தவணையும் போட்டுவிட்டோம். நூறு சதவீதம் என்று அறிக்கை அனுப்பலாமா?

டீச்சர், அனுப்புவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளியைத் திறப்பவர் யார், கூட்டிப் பெருக்குபவர் யார், கழிப்பறையைக் கழுவுபவர் யார், சோறு வடிப்பவர் யார், முட்டை உரிப்பவர் யார், பிள்ளைகளை ஆட்டோவில் கொண்டுவந்து விடுபவர் யார் என்று வரிசையாக எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயர்தான் இருக்கும். உங்கள் தாளில் ஏழெட்டுப் பெயர் வந்துவிடும்.

ஆகஸ்ட் மாதம் மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா மாநிலங்களுக்குக் கூடுதலாக 2 கோடி தடுப்பூசிகள் தருவதாக அறிவித்தார். செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்துக்குள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். நல்ல காரியம். ஆனால் ‘ஆசிரியர்’ என்று தலைப்பிட்டுக் கணக்கெடுத்தால் சத்துணவு சமையலரும் உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் அந்தத் தாளில் வரமாட்டார்கள். ஒருவருக்குச் சம்பளம் சத்துணவுத் திட்டத்தில், ஒருவருக்கு ஊராட்சியில், பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய ஆசிரியைக்குக் கழகத்தில். சம்பளம் தரும் இடம் வேறு வேறாக இருப்பதால் யாருடைய பட்டியலிலும் சிலர் இல்லை. உள்ளூரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்கள் இருந்தால் அவர்களையும் சேருங்கள்.

தாளில் பெயர், கைபேசி எண், எந்த ஊசி, முதல் தவணைத் தேதி, அடுத்த தவணைத் தேதி என்று கட்டம் போடுங்கள். கடைசியில் ‘போடாததற்குக் காரணம்’ என்று அகலமாக ஒரு கட்டம் விடுங்கள். எனக்கு மற்ற எல்லாக் கட்டங்களையும்விட அதுதான் முக்கியம். அங்கே ‘மறுப்பு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

உதவி ஆசிரியர், நடுநிலைப் பள்ளி: எங்கள் சத்துணவு சமையலர் அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஊசி போடாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இதே நிலைதான். ஐம்பதைக் கடந்த அம்மா, சர்க்கரை நோயும் உண்டு. எல்லோரும் அவருக்கு ஊசியின் நன்மையை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் போனபோது அடுப்படியில் அவரோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, “என்ன யோசனையாக இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார்: “காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அப்புறம் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.” ஊசியைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேலையைப் பற்றித்தான் பயம்.

சத்துணவு அமைப்பாளரும் தலைமையாசிரியரும் அவர் எதிரிலேயே பேசி முடித்தார்கள். சமையலர் போட்டுக்கொள்ளும் வாரம் உதவியாளர் சமையலைப் பார்ப்பது, அடுத்த வாரம் உதவியாளர் போட்டுக்கொள்வது, வராத நாளுக்குக் கூலி பிடிப்பதில்லை. மறுநாளே அந்த அம்மா வந்து போட்டுக்கொண்டார்.

வேலைக்கு வராதே என்று சொன்னால் அவர் பயந்தது அப்படியே நடந்ததாகிவிடும். முதலில் கேளுங்கள். ஒரே நாளில் சமையற்கூடத்தில் எல்லோருக்கும் போட்டு மறுநாள் அடுப்பு எரியாமல் போகும்படியும் செய்யாதீர்கள்.

பள்ளி வேன் ஓட்டுநர், தனியார் பள்ளி: எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மயங்கி விழுந்தார் அல்லவா? அதிலிருந்து எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐயா, ஏப்ரல் மாதத்திலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அவர் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 16 அன்று மாரடைப்பு, 17 அன்று காலமானார். முன்னால் நின்று எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்ன மனிதர் என்பதால் ஊரே கலங்கிப்போனது. அன்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் இதயத்தின் முக்கிய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் வளர்வதில்லை. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் இந்த மரணத்தை ஆய்வு செய்து, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை, இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்று இந்த மாதம் அறிக்கை தந்திருக்கிறது.

உங்களைப் போன்ற இதய நோயாளிகளைக் கொரோனா கடுமையாகத் தாக்கும். அதனால்தான் மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குத் தொடங்கியபோதே, 60 வயதைக் கடந்தவர்களோடு, 45 வயதைக் கடந்த இணைநோய் உள்ளவர்களையும் சேர்த்து முதலில் அழைத்தார்கள். உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டை முகாமுக்குக் கொண்டுபோய்ச் செவிலியரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் சில நிமிடங்கள் தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தக் கட்டு வராமல் இருக்க அதுதான் வழி.

முப்பது நிமிடம் உட்கார வைப்பார்கள். ‘டிரிப் இருக்கிறது’ என்று எழுந்து ஓடாதீர்கள். கடும் ஒவ்வாமை அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் தெரிந்துவிடும், அங்கேயே மருந்தும் இருக்கும்.

துப்புரவுப் பணியாளரின் மகள்: அம்மாவிடம் கைபேசி இல்லை. ஆதாரில் பழைய எண். இணையத்தில் பதிவு செய்யாமல் போட முடியுமா?

முடியும் அம்மா. முகாமிலேயே பதிவு செய்துகொள்வார்கள். உன் எண்ணையே கொடு. ஒரே எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம். ஆதார் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். ஆனால் முதல் தவணைக்கு எந்த எண், எந்த அட்டை கொடுத்தாயோ அதையேதான் இரண்டாம் தவணைக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கோவின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் இரண்டு தனி ஆட்களாக, இரண்டு முதல் தவணைகளாகப் பதிவாகிவிடும். பிறகு சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். இன்றே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆதார் உறைக்குள் வைத்துவிடு.

தலைமையாசிரியர், மலையோரப் பள்ளி: எங்களிடம் போட வேண்டியவர்கள் ஐந்து பேர். ஆரம்ப சுகாதார நிலையம் தொலைவு, பஸ்ஸும் குறைவு. பள்ளிக்கே வந்து போடுவார்களா?

வருவார்கள் ஐயா. ஆனால் ஐந்து பேருக்கு என்று கேட்டால் தயங்குவார்கள். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் காரியம் எளிது. ஒரு குப்பியில் பொதுவாகப் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும், ஆளுக்கு அரை மில்லி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். குப்பியைத் திறந்ததும் செவிலியர் அதன் மேல் நேரத்தைக் குறித்துவிடுவார். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிஞ்சியது வீண். ஐந்து பேருக்காகத் திறந்தால் பாதி கொட்டிப் போகும். அதனால் தயங்குகிறார்களே தவிர, உங்கள் பள்ளி மேல் அக்கறை இல்லாமல் அல்ல.

ஆகவே நீங்கள் ஐந்தைப் பத்தாக்குங்கள். பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான உங்கள் குறுவள மையம் வழியாக அருகிலிருக்கும் பள்ளிகளுக்குச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களை ஜனவரியிலேயே சுகாதாரப் பணியாளர்களோடு சேர்த்துவிட்டார்கள், இருந்தும் விடுபட்டவர் யாராவது இருப்பார். பள்ளி இருக்கும் தெருவில் போடாத முதியவர்கள் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே ஊசிதானா என்பதையும் பாருங்கள். மூன்று பேருக்குக் கோவாக்சினும் ஏழு பேருக்குக் கோவிஷீல்டும் என்றால் அது பத்து ஆகாது. பெயர்ப் பட்டியலோடு கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். அவர் வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லித் தேதி வாங்கிக்கொடுப்பார். காற்றோட்டமான இரண்டு வகுப்பறைகள், காத்திருக்க நாற்காலிகள், குடிநீர், உதவிக்கு ஒரு ஆசிரியர். அவ்வளவு இருந்தால் போதும்.

பட்டதாரி ஆசிரியை, ஐந்து மாதக் கர்ப்பிணி: மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்வது?

கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஜூலை 2 அன்று அறிவித்துவிட்டது. எந்த மாதத்திலும் போடலாம். பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்திலேயே அனுமதி வந்தது. கர்ப்பகாலத்தில் கொரோனா வந்தால் தாய்க்கு நோய் கடுமையாகும் வாய்ப்பும் குறைப்பிரசவ வாய்ப்பும் கூடுகின்றன. அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் அவரே கேட்கட்டும். நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகும், மருத்துவர் சொன்னால் அவர் மனது இறங்கும்.

கணினி ஆசிரியர்: செப்டம்பர் நடுவில் எனக்குக் கொரோனா வந்து குணமானது. ஊசி போடாமல் பள்ளிக்கு வருகிறேன் என்று சக ஆசிரியர்கள் ஒதுக்குகிறார்கள்.

குணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். முதல் தவணைக்குப் பின் கொரோனா வந்தவர்களுக்கும் இதே கணக்குதான். உங்கள் முறை டிசம்பர் கடைசியில் வரும். தலைமையாசிரியர்கள் இதைக் கவனியுங்கள்: இவர் மறுத்தவர் அல்ல, காத்திருப்பவர். பட்டியலில் அப்படியே எழுதுங்கள்.

அலுவலக உதவியாளர்: சனிக்கிழமை போட்டால் ஞாயிறு கறி சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடுங்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது என்ற பேச்சு எவ்வளவு பரவியிருக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமையில் நடந்துவந்த மெகா தடுப்பூசி முகாமையே இந்த மாதம் 23-ஆம் தேதியிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். கறிக்கும் ஊசிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மதுவை மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். காய்ச்சல் அடிக்கும் உடம்புக்கு அது நல்லதல்ல, வந்த தலைவலி எதனால் வந்தது என்றும் தெரியாமல் போகும். மாதவிலக்கு நாள்களில் போடக்கூடாது என்பதும் இதே போன்ற வதந்திதான்.

மெட்ரிக் பள்ளி எழுத்தர்: எங்கள் நிர்வாகம் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் போட்டு வரச் சொல்கிறது.

அரசு முகாமில் இலவசம். தனியாரில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய் வரை வாங்கலாம் என்று விலை வரம்பு இருக்கிறது. மருந்து இரண்டு இடத்திலும் ஒன்றேதான். ஆயாவிடமும் காவலாளியிடமும் அந்தத் தொகையைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிர்வாகம் கட்டட்டும், இல்லையென்றால் அரசு முகாமுக்குப் போக அரைநாள் விடுப்புத் தரட்டும்.

உடற்கல்வி ஆசிரியர், 28 வயது: நல்ல உடல்நலத்தோடு இருக்கிறேன். கொரோனா வந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. எதற்குக் கட்டாயப்படுத்துகிறார்கள்?

தம்பி, மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பாதிப்பு 36,000-ஐத் தாண்டியது. ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. அந்த வரிசையில் உங்கள் வயதுக்காரர்களையும் பார்த்தேன். அது ஒரு பக்கம். நீங்கள் விளையாட்டுக் காட்டும் பிள்ளைகளில் பலர் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். பிள்ளைக்குச் சளியோடு போய்விடுவது பாட்டிக்கு மூச்சுத் திணறலாகிறது. போட்டுக்கொண்டவர் வழியாகவும் பரவலாம் என்பது உண்மைதான், அதனால்தான் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் இன்னும் தேவை. ஆனால் போட்டுக்கொண்டால் தொற்றும் வாய்ப்பும் குறைகிறது, கடுமையாகும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. பிள்ளைகள் உங்களைத்தான் பார்த்து நடப்பார்கள். நாளைக்கு அவர்கள் முறை வரும்போது “சார் போட்டுக்கொண்டாரா?” என்றுதான் கேட்பார்கள்.

ஒரு தாய்: எந்த ஆசிரியர் போட்டிருக்கிறார், யார் போடவில்லை என்று கேட்க எனக்கு உரிமை உண்டா?

பணியாளர்கள் போட்டிருக்க வேண்டும் என்று அரசே சொல்லியிருப்பதால், பெற்றோர் கூட்டத்தில் ‘எத்தனை பேரில் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். அதற்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும். தனி ஒருவரின் உடல்நிலையை வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். விட்டுப்போனவர் இருந்தால் அவரை முகாமுக்கு உங்கள் வண்டியில் கூட்டிப்போக முன்வாருங்கள்.

சத்துணவு அமைப்பாளர்: ஆகஸ்ட் 5 அன்று கோவிஷீல்டு முதல் தவணை. இரண்டாவது எப்போது? தீபாவளி முடிந்து போட்டுக்கொள்ளலாமா? முதல் ஊசிக்கே நல்ல காய்ச்சல்.

கோவிஷீல்டுக்கு 84 நாள், கோவாக்சினுக்கு 28 நாள். உங்களுக்கு அக்டோபர் 28 அன்றே நாள் வந்துவிட்டது. இரண்டாம் தவணைக்குக் காய்ச்சல் பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைவாகவே இருக்கும். வந்தால் பாராசிட்டமால் போட்டு ஓய்வெடுங்கள், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். 20 நாள்களுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத கடும் தலைவலி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி வருவது மிக அரிது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

30-ஆம் தேதி சனிக்கிழமை முகாம் இருக்கிறது. அன்று போட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடலாம், வியாழக்கிழமை தீபாவளிக்குப் பலகாரமும் செய்யலாம். முழுப் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் பண்டிகைக் கூட்டத்தில் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். போடாமலேயே ‘இரண்டாம் தவணை செலுத்தப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருந்தால், முதல் தவணை போட்ட நிலையத்தில் காட்டுங்கள். அங்கே தீராவிட்டால் 104 அல்லது 1075 எண்ணில் சொல்லுங்கள். போகும்போது உங்கள் சமையலரையும் உதவியாளரையும் கேட்டுவிட்டு, நாள் வந்தவர்களைக் கையோடு கூட்டிப்போங்கள்.