கர்ப்பத்தில் பிரஷர் ஏறினால் வலிப்பு ஏன் வருகிறது?

பிரஷர் ரத்தக்குழாய் விஷயம், வலிப்பு மூளை விஷயம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்கிறார்கள். 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா. வலிப்பும் வந்துவிட்டால் எக்லாம்ப்சியா.

நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காதபோது அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் சில பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுத்துவிடும். நம்ம கடலூர்ப் பக்கம் வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள், கரை உறுதியாக இருந்தால் 47.5 அடி நிறைந்து நின்றாலும் பயமில்லை, ஆனால் கரை இளகிய நேரத்தில் தண்ணீரும் ஏறினால் கசிந்து பக்கத்து வயலெல்லாம் ஊறிப்போகும். மூளையிலும் அப்படித்தான் நீர் கசிந்து வீங்குகிறது, அதுவும் பெரும்பாலும் பார்வையைக் கவனிக்கும் பின்பகுதியில். அதனால்தான் விடாத தலைவலியோடு கண்ணில் மின்னல் அடிப்பது, மங்கலாகத் தெரிவது எல்லாம். (கண்ணாடி பவர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்!) அப்புறம் அந்த வீக்கமும் எரிச்சலும் சேர்ந்து வலிப்பைக் கிளப்பும்.

இந்த அறிகுறி வந்தால் காலைவரை பார்ப்போம் என்று இருக்காமல் ஜிப்மரோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே 108-ல் கிளம்பிவிடுங்கள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு: பிரசவமாகி ஆறு வாரம் வரைகூட இது வரலாம், பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது என்றால் பனிக்காற்று பட்டதென்று தைலம் தேய்த்து விட்டுவிடாமல் முதலில் பிரஷர் பாருங்கள்.