தெருவை உயர்த்தினால் வண்டி வாசலுக்கு வருமா?

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தெரு 'சர்வீஸ்' என்ற வகையில் இருக்கிறது. வீட்டைத் தேடி வருகிறவர்களைச் செயலி பின்பக்கச் சந்தில் கொண்டுபோய் விடுகிறது. தெருவை 'டெர்ஷியரி' என்று உயர்த்தினால் சரியாகுமா? பணம் கொடுத்தால் மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் பணத்தைப் பையிலேயே வையுங்கள். 2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தில் கணக்கு தொடங்கவும் திருத்தவும் காலணா கட்டணம் கிடையாது. 'நிரந்தரப் பதிவு', 'மேலிட ஒப்புதல்' என்றெல்லாம் அளப்பார்கள். அப்படி எதுவும் இங்கே இல்லை. இன்று அவர் மாற்றுவதை நாளை யாராவது பார்த்துத் திருப்பிவிடுவார்கள். பணம் மட்டும் திரும்பாது.

சரி, தெருவுக்கு வருவோம். டெர்ஷியரி என்பது ஊர்களை இணைக்கும் சாலை, அது வேண்டவே வேண்டாம். சாலையின் வகை நாம் கொடுக்கும் கௌரவப் பட்டமா என்ன? அந்தச் சாலை என்ன வேலை செய்கிறது என்பதுதான் வகை. குடியிருப்பவர்கள் போய்வரும் தெரு ரெசிடென்ஷியல். ஒரு கட்டடத்துக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ உள்ளே போகும் வழி சர்வீஸ். ஓஎஸ்ஆர்எம் என்ற வழி கணிக்கும் நிரல், வேறு தகவல் இல்லாதபோது, காருக்கு சர்வீஸில் மணிக்கு 15 கி.மீ., ரெசிடென்ஷியலில் 25, டெர்ஷியரியில் 40 என்று வேகம் போட்டுக்கொள்கிறது. நீங்கள் 40 என்று பொய் சொன்னால், உங்கள் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வண்டிகளும் குறுக்குவழி என்று உள்ளே புகும். அப்புறம் அதற்கொரு கேள்வி அனுப்புவீர்கள்.

ரெசிடென்ஷியல் என்று மாற்றுங்கள், போதும். ஆனால் நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் வகையில் இருப்பதில்லை. தெரு பெரிய சாலையில் சேரும் முனையை முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நூலிழை இடைவெளி தெரியும். நமக்கு அது நூலிழை, நிரலுக்கு முட்டுச்சந்து. முனைப்புள்ளியை இழுத்துப் பெரிய சாலையின் கோட்டின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அது ஏற்கெனவே ஒட்டியிருந்தால், வீட்டு எண் போட்ட புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செயலி பொதுவாக அந்தப் புள்ளிக்குப் பக்கத்துச் சாலையைத்தான் பிடிக்கும். புள்ளி கொல்லையில் கிடந்தால் வண்டியும் கொல்லைக்குத்தான் வரும். வாசலுக்கு நகர்த்துங்கள்.

சாலை வகைகளின் பட்டியலில் 'அன்கிளாசிஃபைட்' என்று ஒன்று கண்ணில் படும். 'வகை தெரியவில்லை' என்று நினைத்து அதில் கை வைக்காதீர்கள். பிரிட்டனின் சாலை வரிசையிலிருந்து வந்த பெயர் அது. டெர்ஷியரிக்கு அடுத்த கீழ்ப்படி, சின்ன ஊர்களை இணைக்கும் சிறு சாலை. நிஜமாகவே வகை தெரியாவிட்டால் அதற்கு 'ரோடு' என்று தனிக்குறி இருக்கிறது. உங்கள் தெரு வீடுகளைத் தாண்டி ஓடி அடுத்த ஊரைத் தொடுகிறதா? அப்படியானால் அது ரெசிடென்ஷியல் ஆகாது, அன்கிளாசிஃபைட். வழியில் நாலு வீடு இருக்கிறதே என்று நடுவில் துண்டு போடவும் கூடாது. வீடுகளோடு முடிந்துவிட்டால் ரெசிடென்ஷியலே. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பெயரில் வழுக்கி விழுகிறார்கள். இருந்தும் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. விளக்கப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

மண் தெரு என்பதற்காக 'ட்ராக்' போடாதீர்கள். அது வயலுக்கும் காட்டுக்கும் போகிற தடம். ஓஎஸ்ஆர்எம்மின் கார் வேகப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. மண்ணா தாரா என்பதைச் சொல்ல 'சர்ஃபேஸ்' என்று தனிக்குறி இருக்கிறது.

சேமிக்கும்போது ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். செயலி கொஞ்ச நாள் பழைய தரவையே காட்டும், அதைப் பார்த்து மறுபடி மாற்றாதீர்கள். அந்த இடைவெளியில்தான் பணம் கேட்டவர் வந்து, "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே" என்பார்.